சிசிலி வீட்டுக்குள் எட்டுக்காலும் நூறுகாலும்: எதைக் கண்டால் என்ன செய்வது

இத்தாலியின் சிசிலித் தீவில் பழைய கல் வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் முதல் கோடையிலேயே கேட்கும் கேள்வி, "இது கடிக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் "இது எதைத் தின்ன வந்தது, எந்த வழியாக வந்தது?" என்று கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். இங்கே சுவரில் ஓடும் பெரும்பாலானவை இன்னொரு பூச்சியைத் துரத்திக்கொண்டு உள்ளே வந்தவை. ஓடுவதை மட்டும் அடித்துக் கொன்றால், அது துரத்தி வந்தது வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். நாளைக்கு அதைத் தேடி வேறொன்று வரும்.

அதனால் கடைக்குப் போய் ஸ்பிரே வாங்குவதற்கு முன்னால் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த அறையில், எந்த நேரத்தில், எந்த மாதத்தில். ஒரு கண்ணாடி டம்ளர், கொஞ்சம் தடித்த அட்டை, நல்ல டார்ச், ஒரு டியூப் சிலிக்கான் பசை, கதவின் அடியில் ஒட்டும் பிரஷ் பட்டை. இவ்வளவு இருந்தால் முக்கால்வாசிப் பிரச்சினையைச் சமாளித்துவிடலாம்.

இரவில் பாத்ரூம் விளக்கைப் போட்டதும் ஏகப்பட்ட கால்களோடு ஏதோ ஓடுகிறது

முதலில் கால்களைப் பாருங்கள். உடல் மூன்று சென்டிமீட்டருக்குள், மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், முதுகில் நீளவாக்கில் மூன்று கருங்கோடுகள், உடலை விட்டு அகல விரிந்த மெல்லிய நீளக் கால்கள் என்றால் அது வீட்டுப் பூரான். ஸ்குட்டிஜெரா என்பது அதன் அறிவியல் பெயரின் முதல் பாதி. கால்கள் 15 ஜோடி. கடைசி ஜோடி உடலைவிட நீளம், மீசையைப் போலவே நீண்டிருக்கும். அதனால் ஓடாமல் நிற்கும்போது தலை எந்தப் பக்கம் என்றே சட்டென்று தெரியாது. மத்தியதரைக் கடல் பகுதிதான் இதன் சொந்த ஊர். மற்ற நாடுகளுக்கு இங்கிருந்துதான் பரவியது.

ஊரில் பூரான் கடித்துப் பார்த்தவர்களுக்கு இதைக் கண்டால் செருப்பைத் தேடத்தான் தோன்றும். வேண்டாம். கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய இது மனிதரைக் கடிப்பது மிக அரிது. கரப்பான் குஞ்சு, இராமபாணப் பூச்சி, சின்னச் சிலந்தி எல்லாம் இதற்கு இரை. அடிக்கடி கண்ணில் படுகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: அறையில் ஈரம் தங்குகிறது, அல்லது இரை நிறைய இருக்கிறது. குளித்த பிறகு ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் உள்ள வளையத்தை நகர்த்திப் பாருங்கள். பழைய வீடுகளில் அதன் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். அதை அடைத்தாலே வரத்து குறையும்.

தடித்துத் தட்டையான உடல், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள், 21 ஜோடிக் கால்கள், பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளம் என்றால் கதை வேறு. அது ஸ்கொலோபெந்திரா. ஊர்ப் பூரானின் நெருங்கிய சொந்தம், கடித்தால் நன்றாக வலிக்கும். இதற்கு டம்ளர் போதாது. நீண்ட இடுக்கியால் பிடித்து, மூடியுள்ள வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய் விடுங்கள். தரைத்தளத்திலும் தோட்ட வீட்டிலும்தான் வரும். பூந்தொட்டியும் கல் குவியலும் கதவை ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, வலிக்கு மாத்திரை. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அவசர உதவிக்கு 112ஐ அழையுங்கள்.

ஆகஸ்ட் விடுமுறை முடிந்து திரும்பினால் பாத்ரூமில் பெரிய சிவப்புக் கரப்பான்

இது அழுக்கால் வருவது இல்லை. வீட்டை எவ்வளவு துடைத்துவிட்டுப் போனாலும் வரும். காரணம் வளைகுழாய். வாஷ்பேசின், ஷவர், பிடே, தரையிலுள்ள வடிகால், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வளைவு இருக்கும்; அதில் தேங்கிய தண்ணீர்தான் உங்கள் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே உள்ள கதவு. சில வாரம் யாரும் தண்ணீர் விடாமல், வெளியே சிரோக்கோ என்ற வெப்பக் காற்று அடித்துக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள அமெரிக்கக் கரப்பான் கோடையில் சாக்கடை வழியாகத் தாராளமாக நடந்து மேலே வரும்.

ஊருக்குப் போகும் முன் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படிந்து தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். அடைப்பான் இருந்தால் மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்த பிறகும் தொடர்ந்து வந்தால் பிரச்சினை உங்கள் வீட்டில் இல்லை, கட்டடத்தின் பொதுக் குழாயில். அடுக்ககத்தின் நிர்வாகியிடம் சொல்லுங்கள். குழிகளுக்கு மருந்தடிப்பது பொதுச் செலவு.

சமையலறையில், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கத்தில், ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வெளிர் பழுப்பில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோட்டோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். அது குடித்தனக்காரன், வீட்டுக்குள்ளேயே பெருகும். இதற்கு ஜெல் மருந்து வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள். அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது.

மூலையில் ஒட்டடை

எல்லா ஒட்டடையும் ஒன்றல்ல. வலையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

கூரை மூலையில் ஒழுங்கே இல்லாமல் தொங்கும் நூல், அதில் தலைகீழாக ஒரு மெல்லிய நீளக்கால் சிலந்தி. விரலால் வலையைத் தொட்டால் தட்டாமாலை சுற்றுவது மாதிரி வேகமாகக் குலுங்கி, உருவமே தெரியாமல் மங்கிவிடும். ஃபோல்கஸ். மற்ற சிலந்திகளையே பிடித்துத் தின்னும். ஒட்டடைக் கம்பை எடுப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். படுக்கையறைக்கு மட்டும் எடுத்துவிட்டு, சாமான் அறையில் விட்டுவைப்பது என் வழக்கம்.

சுவர்க் காரையில் பென்சில் நுழையும் அளவு ஒரு ஓட்டை. அதன் வாயில் வெண்பட்டுக் குழல், வாயைச் சுற்றி நாலாபக்கமும் கதிராக நீளும் நூல்கள். இது செகஸ்திரியா. இருட்டியபின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: முன் ஆறு கால்களின் நுனியும் ஓட்டையின் விளிம்பில் காத்திருக்கும். ஒரு நூலில் எறும்பு இடறினால் போதும், கண் இமைப்பதற்குள் வெளியே வந்து கவ்விக்கொண்டு உள்ளே போய்விடும். வளர்ந்த பெரிய இனத்துக்குத் தாடை பச்சையாக மின்னும். கடித்தால் குளவி கொட்டிய வலி இருக்கும், ஆபத்தில்லை. வெளிச்சுவரில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜன்னல் சட்டத்தில் கை வைக்கும் இடத்தில் இருந்தால், சிலந்தியை வெளியே எடுத்துவிட்டு ஓட்டையைக் காரை வைத்துப் பூசுங்கள். உள்ளே இருக்கும்போதே பூசுவது நல்ல பழக்கம் இல்லை.

வலையே இல்லாமல், இலையுதிர் காலத்தில், சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி அசையாமல் இருக்கும் பழுப்புச் சிலந்தி பெரும்பாலும் ஸொரோப்ஸிஸ். பார்க்கத்தான் பயங்கரம். டம்ளரைக் கவிழ்த்து, அட்டையை மெதுவாகச் சுவருக்கும் டம்ளருக்கும் நடுவே நுழையுங்கள். அவசரப்பட்டால் கால் மாட்டும். பால்கனியில் வெயில் படும் சுவரில் துள்ளித் துள்ளிப் போகும் குட்டிச் சிலந்தியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது உங்களைத் திரும்பிப் பார்த்தால் நீங்களும் பாருங்கள்.

"வயலின் சிலந்தியாக இருக்குமோ?"

ஒவ்வொரு கோடையிலும் இத்தாலியச் செய்திகளில் இதன் பெயர் அடிபடும். ரான்யோ வியோலினோ. அது இருப்பது உண்மை, வீட்டுக்குள் இருப்பதும் உண்மை. ஆனால் முதுகில் வயலின் தெரிகிறதா என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். அந்தக் கறை சிலவற்றில் மங்கலாக இருக்கும், வேறு சிலந்திகளிலும் அப்படி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். பார்க்க வேண்டியது இவை: உடல் ஒரு சென்டிமீட்டருக்குள். நிறம் மஞ்சள் பழுப்பு, ஒரே சீராக. கால்கள் மெல்லியவை, பட்டையோ முள்ளோ இல்லை. கைப்பேசியில் பெரிதாக்கிப் படமெடுத்தால் கண்கள் ஆறு மட்டும், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. காலில் பட்டைகள் இருந்தாலோ எட்டுக் கண் தெரிந்தாலோ இது இல்லை.

இது துரத்திக் கடிப்பதில்லை. பகலில் பீரோவுக்குப் பின்னாலும் அட்டைப் பெட்டிக்குள்ளும் கிடக்கும், இரவில் உலாவும். கழற்றிப்போட்ட சட்டைக்குள், படுக்கை விரிப்புக்குள் புகுந்திருக்கும்போது நாம் அழுத்தினால் கடிக்கும். ஆகவே மருந்தைவிட ஏற்பாடுதான் முக்கியம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையில் புரள விடாதீர்கள். தரையில் கிடந்த துணியையும், மாதக்கணக்கில் தொடாத ஷூவையும், தோட்டக் கையுறையையும் உதறிவிட்டுப் போடுங்கள். ஊரிலிருந்து சாமான் வந்த அட்டைப் பெட்டிகளைப் பத்திரப்படுத்தும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அவற்றைத் தூக்கிப்போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுங்கள். இந்தச் சிலந்திக்கு அட்டைப் பெட்டியின் மடிப்பைவிடப் பிடித்த இடம் இல்லை.

இருக்கிறதா இல்லையா என்று உறுதிசெய்ய, ஒட்டும் அட்டையைப் பீரோவுக்கு அடியில் சுவரோரமாக வைக்கலாம். பல்லி போய் ஒட்டாதபடி குறுகலான இடமாகப் பாருங்கள்.

கடி பெரும்பாலும் அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துச் சிவந்து எரியும். பல கடிகள் அதோடு ஆறிவிடும். கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். நடுவில் கறுத்தாலோ, புண் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சிலந்தி கிடைத்தால், செத்திருந்தாலும், ஒரு குப்பியில் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் புண்ணை மட்டும் பார்த்து இன்ன சிலந்திதான் என்று சொல்வது மருத்துவருக்கும் கடினம்.

காலையில் உடம்பெல்லாம் தடிப்பு, ஆனால் சிலந்தி எதையும் காணோம்

காணவில்லை என்றால் பெரும்பாலும் சிலந்தியே இல்லை. சிலந்திக்கு மனித இரத்தம் வேண்டாம், இரவு முழுக்க ஏழெட்டு இடத்தில் கடித்துக்கொண்டிருக்க அதற்கு வேலையும் இல்லை. இந்த அறிகுறியில்தான் ஆட்கள் அதிகம் வழி தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தடிப்பு வரிசையாக இருக்கிறதா? மெத்தையின் தையல் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அதற்குத் தொழில்முறை ஆட்களைக் கூப்பிடுவதே சிக்கனம்.

கணுக்காலில், அதுவும் பகலில்? புலிக்கொசு. 1990இல் ஜெனோவாவில் முதலில் தென்பட்டு இத்தாலி முழுக்கப் பரவிய கறுப்பு வெள்ளைக் கொசு இது. 2007இல் எமிலியா ரொமாஞ்ஞா பகுதியில் சிக்குன்குனியாவைப் பரப்பியதும் இதுதான். அந்த நோய் அங்கே வந்தது கேரளத்திலிருந்து வந்த ஒரு பயணி வழியாக. பூந்தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்தாலே உங்கள் பால்கனிக் கொசு பாதி ஒழியும்.

வீட்டில் பூனை இருக்கிறதா? தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள்.

இவை எதுவும் இல்லை, தடிப்பு மட்டும் தோளிலும் முதுகிலும் வந்துகொண்டே இருக்கிறது, அறையில் வீட்டுக்காரரின் பாட்டி காலத்து மர அலமாரி ஒன்று நிற்கிறது. இதுதான் இத்தாலியில் அடிக்கடி நடப்பது, புதிதாக வந்தவருக்குத் தோன்றவே தோன்றாதது. அலமாரியின் அடியில் வெள்ளைத்தாள் விரித்து, மறுநாள் காலை பாருங்கள். தாளில் வெளிறிய மரத்தூள் சின்னக் குவியலாக விழுந்திருந்தால், மரத்தை உளுக்கும் வண்டின் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது. பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்ட ஓட்டைகளும் இருக்கும். அந்தப் புழுவைத் தேடி ஸ்கிளெரோடெர்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி வரும். பெண்ணுக்குப் பெரும்பாலும் சிறகில்லை. மூன்று மில்லிமீட்டர் எறும்பு என்றுதான் நினைப்பீர்கள். புழுவைக் கொட்டி முட்டையிடுவது அதன் தொழில். அலமாரியிலிருந்து சட்டைக்கும் படுக்கைக்கும் வந்துவிட்டால் நம்மையும் கொட்டும்.

படுக்கைக்கு ஸ்பிரே அடித்துப் பயனில்லை, வைத்தியம் அலமாரிக்குத்தான். சின்னச் சாமான் என்றால் மரப்புழு மருந்தை ஓட்டை ஓட்டையாகச் சிரிஞ்சில் ஏற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றிச் சில வாரம் வெளியே வைக்க வேண்டும். பெரிய அலமாரி என்றால் மைக்ரோவேவ் முறையில் புழு கொல்லும் மரச்சாமான் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாடகை வீடானால் சாமான் வீட்டுக்காரருடையது. தாளில் விழுந்த தூளைப் படமெடுத்து அனுப்புங்கள். "பூச்சி கடிக்கிறது" என்று சொன்னால் நகராதவர், அலமாரி உளுத்துப்போகிறது என்றால் உடனே வருவார்.

பல்லி

இது பிரச்சினையே இல்லை, ஆனாலும் கேட்கிறார்கள். தடித்து, முதுகில் முள் முள்ளாக இருப்பது மூரிஷ் பல்லி. வெளிறி, ரோஜா நிறம் கலந்து, உள்ளே தெரிகிற மாதிரித் தோலோடு இருப்பது துருக்கிப் பல்லி. இரண்டுக்கும் விஷம் இல்லை. சமையலில் விழுந்தால் கிருமிக்காகக் கொட்டிவிட வேண்டும், விஷத்துக்காக இல்லை. தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. சிசிலிப் பல்லிக்கும் அது பொருந்துமா என்று பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

உள்ளே நிறைய வருகின்றன என்றால் பால்கனி விளக்கைப் பாருங்கள். வெள்ளை விளக்கு பூச்சியைக் கூட்டும், பூச்சி பல்லியைக் கூட்டும். மஞ்சள் எல்இடி மாற்றுங்கள். ஜன்னல் ஷட்டர் சுருளும் பெட்டியின் பக்கவாட்டு இடுக்கை அடையுங்கள். ஷட்டரை இறக்கும்போது மெதுவாக இறக்குங்கள், வால் போகும்.

விறகுக் கூடையில் தேள்

நம்மூர்ச் செந்தேளை நினைத்து நடுங்க வேண்டாம். சிசிலி வீடுகளில் கிடைப்பது யூஸ்கார்ப்பியஸ், மூன்று நான்கு சென்டிமீட்டர், கரும்பழுப்பு, மெலிந்த வால். கொட்டினால் தேனீ கொட்டின மாதிரி, அவ்வளவுதான். ஒவ்வாமை உள்ளவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பெயினிலோ தெற்கு பிரான்சிலோ இருப்பவர்கள் மட்டும் இந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளாதீர்கள்: அங்கே கற்களுக்கு அடியில் மஞ்சள் தேள் உண்டு, அதன் கொட்டு கடுமையானது, குழந்தையைக் கொட்டினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எத்தனை இருக்கின்றன என்று தெரிய, இரவில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். தேள் பச்சை நீலமாக ஒளிரும். விறகை வீட்டுக்குள் அடுக்காமல், அன்றன்றைக்கு வேண்டியதைத் தட்டி எடுத்து வாருங்கள்.

மாவிலும் பருப்பிலும் நூலும் அந்துப்பூச்சியும்

பலேர்மோவில் இருக்கும் இலங்கைத் தமிழர் வீடுகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் மொத்தமாகத்தான் இருக்கும், அதனால் இது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. சிறகின் முன்பாதி வெளிறியும் பின்பாதி செம்பு நிறமாகவும் இருந்தால் இந்திய மாவு அந்து. நூல் பிடித்ததைத் தூக்கிப்போடுங்கள். மற்றதை மைனஸ் 18இல் ஒரு வாரம் வைத்து எடுத்து, ரப்பர் வளையமுள்ள கண்ணாடி ஜாடியில் கொட்டுங்கள். கடையில் விற்கும் வாசனைப் பொறி ஆண் அந்தை மட்டும் பிடிக்கும். இருக்கிறதா என்று தெரியத்தான் அது உதவும். கூரை மூலைகளையும் பாருங்கள், புழு அங்கே ஏறித்தான் கூடு கட்டும்.

முதல் மழைக்குப் பிறகு சுவரேறும் மரவட்டைகள்

துடைப்பம் போதும். சில நாளில் தானாக நின்றுவிடும். நசுக்கினால் நாறும், கறையும் படியும்.

பளபளவென்று கறுப்பு, முதுகில் சிவப்புப் புள்ளிகள்

மால்மின்யாத்தா, மத்தியதரைக் கடலின் கருவிதவை. இது வீட்டுச் சிலந்தி இல்லை. காய்ந்த வயல், காரையில்லாக் கல் மதில், கற்களின் அடி. மதில் கல்லை நகர்த்தும்போது தடித்த கையுறை போடுங்கள். கடித்த பிறகு வயிறும் முதுகும் இழுத்துப் பிடித்து, வியர்வை கொட்டினால் காத்திருக்காமல் 112. தென் இத்தாலியில் தாரந்தோ ஊர்ப் பக்கம், சிலந்தி கடித்தவர்களை ஆடவைத்துக் குணமாக்கிய தாரந்தெல்லா ஆட்டத்தின் கதையில் பழி எல்லாம் தாரந்துலா என்ற பெரிய சிலந்திக்குப் போனது. அதன் கடி அவ்வளவு ஒன்றும் இல்லை. உண்மையான குற்றவாளி இந்தச் சின்னது என்று சொல்கிறவர்கள் உண்டு.

நாய் திடீரென்று எச்சில் வடிக்கிறது, நாக்கு வீங்குகிறது

குளிர் முடியும் மாதங்களில், பக்கத்தில் பைன் மரம் இருந்தால், இதை முதலில் சந்தேகியுங்கள்: ஊர்வலக் கம்பளிப்பூச்சி. கிளை நுனியில் வெள்ளைப் பட்டுக் கூடு இருக்கும். அங்கிருந்து இறங்கி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் தரையில் போகும். நாய் முகர்ந்தாலே போதும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி முடிகள் நாக்கில் குத்தி, சதையே அழுகும் அளவுக்குப் போகலாம். கையுறை போட்டுக்கொண்டு, தேய்க்காமல், நிறையத் தண்ணீர் விட்டு வாயைக் கழுவி, நேரே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், முடி காற்றில் பறக்கும்.

கோடையில் அதே நாய்க்கு வேறொரு ஆபத்து, மணல் ஈ. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், சத்தமே இல்லாமல் வரும், சாதாரணக் கொசுவலைக் கண்ணி வழியாக நுழைந்துவிடும். நாய்க்கு லெய்ஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோயைக் கொடுக்கும். சிசிலியில் அது பரவலாக உள்ள நோய். வசந்தம் தொடங்கியதும் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்து ஏற்றிய கழுத்துப் பட்டை கட்டி, அந்தி முதல் விடியும்வரை நாயை வீட்டுக்குள் படுக்க வையுங்கள். ஜன்னல் வலை புதிதாகப் போடுவதானால் நெருக்கமான கண்ணியாகக் கேட்டு வாங்குங்கள்.